தெமெய் மகள் அபிரேயின் பன்னிரண்டு சாவுகள்

அபிரேயை முதல் தடவை கொன்றபோது அவள் தோல்பையில் தயிரை ஊற்றி வெண்ணெய்க்காகக் குலுக்கிக்கொண்டிருந்தாள். தான் செத்துப்போனது அவளுக்குத் தெரியாது. வெண்ணெய் திரண்டு வந்தது. வழித்து எடுத்துச் சட்டியில் போட்டு மூடினாள். பசுக்களை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். செத்தவள் செய்கிற காரியமா இது? ஆனால் கோட்டைப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு அவள் செத்தாகிவிட்டது. பதிவேடு பொய் சொல்லாது. அதை எழுதுகிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கோட்டையின் பெயர் 'கூஷைக் குனியவைத்தது'. நைல் ஆறு பாறைகளுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிற இடத்தில், வடக்கே எகிப்தும் தெற்கே கூஷும் முட்டிக்கொள்ளும் எல்லையில், எகிப்தின் மாமன்னர் – வாழ்க, வளர்க, நலம் பெறுக – கட்டியது. மன்னர் என்ற சொல் வருகிற இடமெல்லாம் இந்த மூன்றையும் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம், சொல்லாவிட்டால் பிரம்படி. கதை முழுக்கச் சொல்ல என்னால் ஆகாது, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். கூஷ் என்று வெறுமனே சொல்லவும் கூடாது. 'கேடுகெட்ட கூஷ்' என்றுதான் சொல்ல வேண்டும், எழுத வேண்டும். கூஷில் மழை நன்றாகப் பெய்தால்கூடக் 'கேடுகெட்ட கூஷில் நல்ல மழை' என்றுதான் தலைநகருக்கு மடல் போகும்.

கோட்டையின் தலையாய பணி பானை உடைப்பது. வருஷத்துக்கு ஒருமுறை, வெள்ளம் வருவதற்கு முன், மன்னரின் எதிரிகளுடைய பெயர்களைச் சிவப்புப் பானைகளில் மையால் எழுதுவார்கள். தாய் பெயரோடு எழுத வேண்டும், அப்போதுதான் ஆள் மாறாது. மதிலுக்கு வெளியே மணலில் வைத்து, ஓதுவார் சாபம் ஓதி, நான்கு தடவை காறித் துப்பி, இடது காலால் உதைத்து, உடைத்துப் புதைப்பார். அதோடு எதிரி குளோஸ். செத்தானா என்று போய்ப் பார்க்கிற வழக்கம் கிடையாது. போய்ப் பார்ப்பது ஓதுவாரைச் சந்தேகப்படுவதாகும், ஓதுவாரைச் சந்தேகப்படுவது மன்னரைச் சந்தேகப்படுவதாகும், அதற்கும் பிரம்படி உண்டு.

பானைகள் இருபத்தெட்டு என்று முன்னோர் வகுத்து வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் எவ்வளவோ தேடியும் எதிரிகள் இருபத்தேழு பேர்தான் தேறினார்கள். ஒரு பானை சும்மா நின்றது. பெயர் எழுதாத பானையை உடைத்தால் அது யாரைப் போய்க் கொல்லுமோ என்று யாரும் அதன் பக்கமே போகவில்லை. அப்போதுதான் ஒரு படைவீரனுக்கு வெண்ணெய்க்காரி ஞாபகம் வந்தாள். சந்தை நாளில் கூஷியர்கள் எல்லைக்கல்லுக்கு முன் மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டுவிட்டுத்தான் பொருளை விற்க வேண்டும். அபிரே மண்ணைப் பார்த்தாள். "இங்க கழுதை சாணி போட்டிருக்கு. நீங்க முதல்ல முத்தம் குடுத்து ருசி எப்படின்னு சொல்லுங்க, அப்புறம் நான் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கடையை விரித்துவிட்டாள். இருபத்தெட்டாவது எதிரி கிடைத்துவிட்டாள். கூஷின் அரசனுக்கும் பாலைவனத்துக் குடித்தலைவன் ஒருவனுக்கும் நடுவில் 'தெமெய் மகள் அபிரே' என்று எழுதி உடைத்தார்கள். பட்டியலில் ஒரு தடவை ஏறிய பெயரை இறக்குவதற்கு அங்கே வழியில்லை. எனவே வருஷா வருஷம் உடைத்தார்கள். வருஷா வருஷம் செத்துக்கொண்டே அவள் சந்தைக்கு வெண்ணெய் கொண்டுவந்தாள், அவர்களும் வாங்கி ரொட்டியில் தடவித் தின்றார்கள்.

பதினோராவது வருஷம் தெற்கே மழை பொய்த்தது. அபிரேயிடம் ஒன்பது பசுக்கள். புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகிறது, பிள்ளையும் இல்லை. அந்த ஒன்பதும்தான் அவளுக்குச் சோறு, சொந்தம், ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க உரிமை எல்லாம். கூஷில் மாடில்லாத மனுஷியை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். புல் கருகிப்போன ஒரு நாள் ஒன்பதும் வடக்கே பச்சையைப் பார்த்து நடந்தன. கூஷிய மனிதரோ மாடோ இந்தக் கல்லைத் தாண்டக் கூடாது என்று எல்லைக்கல்லில் ஆழமாக வெட்டியிருந்தது. பசுக்கள் அந்தக் கல்லில் முதுகைத் தேய்த்துவிட்டுத் தாண்டிப் போயின.

ரோந்துப் படை தலைநகருக்கு எழுதிய அறிக்கை இது: 'கேடுகெட்ட கூஷின் படையினர் ஒன்பது பேர் எல்லை மீறினர். கடும் போருக்குப் பின் அனைவரையும் சிறைபிடித்தோம். நம் தரப்பில் ஒருவருக்குக் காலில் மிதி. மற்றபடி மன்னரின் ஆட்சிப்பரப்பில் எல்லாம் நலம்.'

அபிரே கோட்டை வாசலுக்கு வந்தாள். வாசல் காவலன் ஷெமிக் பாலைவனத்துக்காரன், கூலிக்குச் சேர்ந்தவன், அவளிடம் மோர் வாங்கிக் குடித்தே பழகியவன்.

"அக்கா, உள்ள போகாதீங்க. உள்ள உங்க பேரு நல்லால்ல."

"என் பேருக்கு என்ன வந்துச்சு?"

"செத்துட்டீங்க."

"எப்ப?"

"வருஷா வருஷம்."

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எழுத்தர் சென்பி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டையிலேயே பிறந்து கோட்டையிலேயே நரைத்தவர். ஒரு கொசுவைக் கூட அடிக்கத் தெரியாத மனுஷன், ஆனால் எழுத்தில் முந்நூறு பேரைக் கொன்றிருக்கிறார். அவள் பெயரைச் சொன்னதும் பதிவேட்டுச் சுருளைப் பிரித்து விரலால் தடவிக்கொண்டே போனார். தெமெய் மகள் அபிரே, இறந்தாள். மறுவருஷம், இறந்தாள். அதற்கு மறுவருஷமும் இறந்தாள். பதினோரு இடத்திலும் விரல் நின்று நின்று போனது.

"ஒருத்தி ஒரு தடவ செத்தா பத்தாதாய்யா?"

"புதுப்பிக்கணும்மா. இல்லேன்னா காலாவதி ஆயிடும்" என்றார் சென்பி மிகவும் மரியாதையாக. பிடிபட்ட மாட்டை உரியவர் உயிரோடு நேரில் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்றும், நேரில் வருவதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை என்றும், உயிரோடு என்ற இடத்தில்தான் இடிக்கிறது என்றும் விளக்கினார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. தன் கையால் எழுதிய பதினோரு வரிகள் நேரில் வந்து நின்று மாடு கேட்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

விஷயம் தளபதி ஈமெருவிடம் போனது. ஈமெரு எங்கே போனாலும் அவருடைய நாற்காலியும் பின்னாலேயே வரும், தூக்குவதற்கென்றே ஒரு வீரன் இருந்தான். உட்கார்ந்தார். அபிரேயை மேலும் கீழும் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, ஒரு தகப்பனைப் போல வருத்தப்பட்டார்.

"இங்க பாரும்மா. இந்தப் பேரரசு எதுல நிக்குதுன்னு நினைக்கிறே? படையிலயா? என்கிட்ட இருக்கறது முப்பத்தஞ்சு பேரு, அதுல பாதிப் பேருக்கு மூட்டுவலி. மதிலுலயா? மேற்கால மதிலு சரிஞ்சு மூணு வருஷமாச்சு, ஆடு ஏறி வந்து என் படுக்கையில படுக்குது. பானையில நிக்குதும்மா. அதை உடைச்சா எதிரி சாவான்னு அவனவன் நம்பறான் பாரு, அந்த நம்பிக்கையில நிக்குது. நீ பாட்டுக்கு உசுரோட வந்து வாசல்ல நின்னா நாங்க என்னத்தை வெச்சு ஆள்றது? கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா உனக்கு?"

அபிரேக்கு ஒன்றும் புரியவில்லை. தான் செத்துப்போகாதது இவ்வளவு பெரிய குற்றமா என்று ஒரு கணம் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று கூடத் தோன்றியது. கொல்லைப்பக்கம் மாடு கத்தியது, அதைக் கேட்டதும்தான் சுய நினைவு வந்தது.

ஈமெரு ஒரு வழி சொன்னார். நாளைக்கு வேறு பெயரில் வரட்டும், செத்துப்போன அபிரேயின் தங்கை என்று சொல்லட்டும், மாட்டைத் தாராளமாக ஓட்டிக்கொண்டு போகட்டும். சென்பி தலையை ஆட்டி ஆட்டி, ஒத்துக்கொள்ளும்மா என்று கண்ணால் கெஞ்சினார். வேறு யாராவது என்றால் ஒத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்பது மாடு. ஒரு பெயர்தானே.

அபிரே யோசித்துப் பார்த்தாள். அவள் தங்கை என்று சொல்லிவிட்டால் அபிரே செத்தது நிஜமாகிவிடும். வெண்ணெய்க்காரியைப் பானை கொன்றுவிட்டது என்று தெற்கே கடைசிக் குடிசை வரை சேதி போகும். அப்புறம் கூஷில் எவன் நிமிர்ந்து நடப்பான்?

"எங்கம்மா எனக்கு ஒரு பேருதான் வெச்சா. அதை உங்க பானைக்குத் தாரை வார்க்க எனக்கு இஷ்டமில்ல. பானை தோத்துடுச்சுன்னு எழுதிட்டு மாட்டைக் குடுங்க."

"அப்படி எழுதற பழக்கமே இல்லையே" என்றார் சென்பி, பயந்துபோய்.

எனவே தலைநகருக்கு எழுதுவது என்று முடிவானது. 'இறந்துபோன பெண் ஒருத்தி வாசலில் நிற்கிறாள். தான் உயிரோடு இருப்பதாக அவள் கருதுகிறாள். அவள் கருத்து சரிதானா என்று தெரிவிக்கவும்.' மடல் படகேறியது. பதில் வரும்வரை அபிரே மதிலோரம் ஒரு தட்டியைச் சாய்த்துக் குடியிருந்தாள். பசுக்கள் கோட்டைப் பட்டியில். காவலில் உள்ள போர்க்கைதிகளைப் பட்டினி போடக் கூடாது என்பதால் அவளே போய்ப் புல் வைக்கவும், மடியில் பால் கட்டிக்கொள்ளாதபடி கறக்கவும் அனுமதித்தார்கள். பால் மட்டும் கோட்டைக்கு. செத்தவளுக்குப் பால் எதற்கு என்று கேட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மடல் எந்த மன்னருக்கு எழுதப்பட்டதோ அவர் வானேறிவிட்டார், புதிய மன்னரின் பெயருக்கு மறுபடி எழுதவும் என்று இருந்தது. மறுபடி எழுதினார்கள். அது போய்ச் சேருவதற்குள் அவரும் வானேறிவிட்டார். அந்தக் காலத்தில் வடக்கே மன்னர்கள் அப்படித்தான் வந்தும் போய்க்கொண்டும் இருந்தார்கள். அடுத்த மன்னருக்குச் சிலை செதுக்க ஆரம்பித்தால் மூக்கு முடிவதற்குள் வேறு மன்னர். சென்பி கடைசியில் மன்னர் பெயருக்கு இடம் விட்டு எழுதி அனுப்பினார், அங்கேயே யாராவது நிரப்பிக்கொள்ளட்டும் என்று. அதற்குத்தான் உருப்படியான பதில் கிடைத்தது. பானை அலுவலகத்தின் மேலதிகாரி எழுதியிருந்தார்: 'பானைகளில் குறை இருக்க வாய்ப்பில்லை. குறை இறந்தவரிடம் இருக்கலாம். மீண்டும் உடைக்கவும். இம்முறை இறந்தவர் முன்னிலையில்.'

உடைப்பு விழாவுக்கு அபிரேயை மரியாதையாக அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நிழலுக்குப் பாய் பிடித்தார்கள். பீர் கூடக் கொடுத்தார்கள். ஓதுவார் ஒரு வாரமாகத் தொண்டைக்குத் தேன் குடித்துத் தயாராக வந்திருந்தார். அவள் கண்ணை நேராகப் பார்த்தபடி, அவளுடைய கை கால் மூச்சு பேச்சு கனவு எல்லாம் ஒழியட்டும் என்று ஓதினார். நான்கு தடவை துப்பினார். இடது காலைத் தூக்கி உதைத்ததில் பானை நாலு துண்டாகச் சிதறி, மணல் எழும்பி அவள் முகத்தில் அடித்தது.

அபிரே தும்மினாள்.

கூட்டமே எழுந்து நின்று ஆவலாகப் பார்த்தது. அவள் இன்னொரு தும்மல் தும்மி, தோலாடையின் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சா? பால் கறக்க நேரமாச்சு" என்றாள். ஓதுவார் மணலில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷ அனுபவம் அவருக்கு. இது வரை ஒரு எதிரியும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. சென்பி மட்டும் கடமை தவறாமல் எழுதினார்: 'இறந்தாள். தும்மலுக்குப் பிறகு.'

அந்த வருஷம் தானியப் படகு வரவில்லை. கோட்டையில் ஆளுக்கு ஒரு வெங்காயம், பாதிக் கருவாடு என்று ஆனது. நான்கு மாதம் கழித்து ஒரு படகு வந்தது. எல்லோரும் சாக்கோடு ஓடினார்கள். படகில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது, அதற்குள் பொன்னால் செய்த ஈ ஒன்று. கேடுகெட்ட கூஷின் ஒன்பது படையினரைச் சிறைபிடித்த வீரத்துக்காகத் தளபதி ஈமெருவுக்கு மன்னர் அளிக்கும் விருது. ஈமெரு அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டார். முப்பத்தைந்து பேரும் பசியோடு நின்று கைதட்டினார்கள். வேறு என்ன வந்தது என்று படகுக்காரனைக் கேட்டார்கள். தலைநகரில் இப்போது இரண்டு மன்னர்கள் இருப்பதாகவும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வேற்றுநாட்டார் ஒருவரும் மன்னர் என்று சொல்லிக்கொள்வதாகவும், தனக்கு மூன்று மாதமாகக் கூலி இல்லையென்றும் அவன் சொன்னான். சென்பி அன்று எழுதியதும் எல்லாம் நலம் என்றுதான்.

புதிய மன்னர் ஒருவர் முடிசூடியதைக் கொண்டாட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கொண்டாட எதுவும் இல்லை. அபிரேயின் ஒன்பதில் பால்நெற்றி என்ற பசுவை வெட்டினார்கள். நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள இளம் பசு, முதல் கன்றை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தது. அபிரே பட்டிக்கு வந்தபோது தோலை உரித்து வெயிலில் போட்டிருந்தார்கள். அவள் அந்தத் தோலின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அன்று வரை அவளுக்குக் கோட்டை ஒரு பைத்தியக்கார வீடு, சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

ஈமெருவிடம் போய் நின்றாள். ஆளில்லாத மாடுதானே என்றார் அவர், பல்லில் மாட்டிய இறைச்சியைக் குச்சியால் எடுத்துக்கொண்டே.

அடுத்த வெள்ளத்துக்கு முன் கூஷின் படை வந்தது. இந்தத் தடவை நிஜப் படை. தெற்கிலிருந்து வில்லாளிகள் ஆற்றங்கரை முழுக்க நின்றார்கள். கோட்டையில் ஒரு அம்பு பறக்கவில்லை. ஈமெரு நாற்காலியோடு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, சென்பியை உட்காரவைத்து எழுதச் சொன்னார்: 'கேடுகெட்ட கூஷின் படை முழுவதும் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டது. ஒருவர் கூடத் தப்பவில்லை. அவர்களுடைய தலைவரை என் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்காணித்து வருகிறோம்.' அந்த மடலை எந்த மன்னருக்கு அனுப்புவது என்று தெரியாமல் சென்பி மூன்று படி எடுத்து வைத்துக்கொண்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தவன் தரூக். அபிரேயின் மேய்ச்சல் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரன். அவன் அப்பனுக்கு மாடு செத்துப்போன வருஷம் கன்று கொடுத்து உதவியவள் அவள்தான். அவன் தலையில் தீக்கோழி இறகு செருகிக்கொண்டு உள்ளே நுழைந்ததைப் பார்த்து அபிரே வாசலில் நின்று நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். எத்தனை வருஷக் குனிவு! தீர்ந்தது என்று அவள் முழுசாக நம்பினாள். இனி எகிப்துக்காரர்கள் மண்ணை முத்தமிடட்டும் என்று ஷெமிக்கின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஷெமிக் நேற்று வரை எகிப்துக்குக் காவல் நின்ற அதே இடத்தில், அதே ஈட்டியோடு, இன்று கூஷுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தான்.

மூன்று நாள் விட்டு அபிரே மாடு கேட்கப் போனாள். தரூக்குக்கு ஒரு பக்கம் சென்பி, மறுபக்கம் ஆலோசகர் ஈமெரு. கழுத்தில் பொன் ஈ அப்படியே தொங்கியது.

"தரூக் தம்பி, நல்லாருக்கியா" என்று ஆரம்பித்தாள்.

"முழுப் பட்டத்தோட கூப்பிடணும்" என்று ஈமெரு காதோடு திருத்தினார். முழுப் பட்டத்தைச் சென்பி வாசித்தார்: கேடுகெட்ட கூஷின் மாமன்னருடைய கண்ணும் காதுமான, கூஷைக் குனியவைத்த கோட்டையின் ஆளுநர். அபிரே தரூக்கைப் பார்த்தாள். அவனுக்கு வெட்கமாகக் கூட இல்லை.

"என்ன தம்பி இது, நம்மளையே கேடுகெட்டன்னு சொல்லிக்கறே?"

"பட்டம்னா பட்டம்தான் அக்கா. ஏழு தலைமுறையா எழுத்துல இருக்கு. நேத்து வந்த நாம இன்னிக்கே மாத்திட்டா, ஆளத் தெரியாதவனுங்கன்னு வடக்கத்தியான் சிரிப்பான். அவன் சிரிச்சா அப்புறம் இந்த நாற்காலிக்கு என்ன மரியாதை?"

அவள் மாட்டைக் கேட்டாள். தரூக் சென்பியைப் பார்த்தான். சென்பி சுருளைப் பிரித்தார். பன்னிரண்டு இடத்தில் விரல் நின்று போனது.

"பாருங்க, எழுதியிருக்கு" என்றான் தரூக்.

"எழுதினது அவனுங்க. எங்க நிலத்துல என்னோட மாடு மேய்ச்ச உனக்கு நான் உசுரோட இருக்கறது தெரியாதா?"

"தரூக்குக்குத் தெரியும். ஆளுநருக்குத் தெரியாது." அவன் நிஜமாகவே அவளுக்குப் புரியவைக்க முயன்றான். "யோசிச்சுப் பாருங்க அக்கா. இப்ப நாம வடக்கு மன்னனுங்க பேரைப் பானையில எழுதி உடைக்கறோம். மாசத்துக்கு ஒரு மன்னன் மாறறான், சூளையில பானை பத்தல, ராப்பகலா வேலை நடக்குது. இந்த நேரத்துல பன்னெண்டு பானைக்கும் நீங்க சாகலன்னு நானே எழுதிக் குடுத்தா, அந்தப் பானைக்கு மட்டும் எவன் சாவான்? உங்களைக் கொன்னது எகிப்துக்காரன் தப்பு. அந்தச் சாவைக் கட்டிக்காக்கறது நம்ம பொறுப்பு."

ஈமெரு பெருமையோடு தலையாட்டினார். நல்ல மாணவன்.

அதோடு நின்றிருந்தால் கூட அபிரே மறுபடி மதிலோரம் போய்க் காத்திருந்திருப்பாள். தரூக் இன்னொன்றும் சொன்னான். தெற்கே பெரிய ராஜா காலமாகிவிட்டார். அவருடைய சமாதியைச் சுற்றி மாட்டுத்தலைகளை வரிசையாக நட்டு வைக்க வேண்டும், கொம்பெல்லாம் சமாதியைப் பார்த்தபடி. ஒவ்வொரு கோட்டையும் மாடு அனுப்ப வேண்டும். ஆளில்லாத இந்த எட்டும் நாளைக் காலையில் கிளம்புகிறது. "எகிப்துக்காரன் வயித்துக்குப் போகாம நம்ம ராஜா காலடிக்குப் போகுது. பெருமைப்படுங்க அக்கா" என்றான்.

அபிரே தட்டிக்குத் திரும்பித் தன் பாயைச் சுருட்டினாள். தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

விடிந்து வெயில் ஏறியதும், எல்லோரும் விழித்திருக்கிற வேளையாகப் பார்த்து, பட்டிக்குப் போய் மரத்தாழ்ப்பாளை உருவிக் கீழே போட்டாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடக்குப் போட்டு அழைத்தாள். செங்கொம்பி முதலில் வந்தது, மற்ற ஏழும் பின்னால் வந்தன. முற்றத்தின் நடுவில் நடத்திக்கொண்டு போனாள். வீரர்கள் ஓடிவந்தார்கள். நாற்காலி ஓடிவந்தது, பின்னால் தரூக். ஈமெரு, சென்பி, ஓதுவார் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஷெமிக் வாசலை மறித்து நின்றான், ஈட்டி முனை அவள் வயிற்றுக்கு நேரே இருந்தது.

நில், அது அரசு மாடு என்றான் தரூக். திருட்டு என்றான்.

"செத்தவ எப்படித் தம்பி திருடுவா?" என்றாள் அபிரே.

தரூக் சென்பியைச் சுருளைப் பார்க்கச் சொன்னான். ஈமெருதான் அனுபவசாலி. அவர் குனிந்து, செத்தவளைக் குத்தினால் கொலையும் ஆகாது, குத்தச் சொல்லுங்கள் என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது. தரூக் ஷெமிக்குக்குத் தலையசைத்தான்.

அபிரேக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் இன்னும் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். ஈட்டி முனை அவள் வயிற்றுத் தோலில் பட்டது.

"குத்துடா ஷெமிக். குத்தினா ரத்தம் வரும். எல்லாரும் பாருங்க, இந்த ஐயா எழுதட்டும். இன்னிக்கு ரத்தம் வந்தா நேத்து வரைக்கும் உசுரோட இருந்தேன்னு அர்த்தம். பன்னெண்டு பானையும் வீண், ஓதுவார் துப்பினது வீண், ஏழு தலைமுறையா நீங்க கொன்னது அத்தனையும் பொய்யின்னு என் ரத்தத்துல எழுதிக்கோங்க. எழுதிட்டு, வடக்கத்தியானுக்கு ஒரு படி அனுப்புங்க. அவனும் பயப்படாம தூங்கட்டும்."

தரூக் ஈமெருவைப் பார்த்தான். ஈமெரு ஓதுவாரைப் பார்த்தார். ஓதுவார் சென்பியின் எழுதுகோலைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். மூவரும் நாற்காலிக்குப் பின்னால் போய்க் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். முந்தைய தீர்ப்பு ஏதாவது உண்டா என்று பழைய சுருள்களைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

அபிரே அவர்கள் பேசி முடிக்கக் காத்திருக்கவில்லை. ஷெமிக் ஈட்டியை விலக்கினான். உத்தரவு வந்ததாக யாரும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. எட்டு மாடும் வாசலைக் கடந்தன.

"அக்கா, உங்க ஊரு தெக்கால இருக்கு. நீங்க வடக்கால போறீங்க" என்றான் அவன்.

"தெக்கால ஒரு ராஜா சமாதி என் மாட்டுத் தலைக்குக் காத்துக் கிடக்கு. வடக்குல எந்த ராஜா இருக்கான்னு அவனுக்கே தெரியல. புல்லு அங்கதான் இருக்கு."

கரையோரப் பாறைகள் முடிந்து ஆறு அகலமாகிற இடத்துக்கு அவள் மூன்றாம் நாள் வந்துசேர்ந்தாள். தண்ணீர் வடிந்த வண்டலில் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. அது எந்தப் பேரரசின் புல் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எட்டும் ஒரே நேரத்தில் தலை குனிந்தன. அவற்றை மேயவிட அபிரே யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.